அளவறிந்து கலத்தல்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள குளிர்ந்த சிறு நகரம் பிரிஞ்சாங். 1885ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதியை ஆய்வு செய்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கும் நிலைத்துவிட்டது. 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ தேயிலை நிறுவனத்திற்குச் சொந்தமான சுங்கை பாலாஸ் தோட்டம், பிரிஞ்சாங் மலையுச்சிக்குச் செல்லும் பாதையை ஒட்டிப் பச்சைக் கம்பளம்போல் விரிந்து கிடக்கிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தும் ஆலைகளில் உழைத்தும் வாழ்ந்த தமிழர்கள் பல தலைமுறையினர் ஆவர்.

இம்மலைத் தேயிலையைக் கொண்டு இரண்டு குவளைத் தேநீர் தயாரிப்பதாகக் கொள்ளலாம். ஒன்றில் இரண்டு கரண்டித் தூளும் மற்றொன்றில் அரைக் கரண்டித் தூளும் இட்டால், முதல் குவளைத் தேநீர் திடமாக இருக்கும். இரண்டாம் குவளைத் தேநீர் வெளிறிப்போய் இருக்கும். தூளும் ஒன்றே, நீரும் ஒன்றே. மாறியது அளவு மட்டுமே. குறிப்பிட்ட கொள்ளளவு கரைசலில் எவ்வளவு பொருள் கரைந்துள்ளது என்பதையே அறிவியலில் ‘செறிவு’ என்பர்.

தேநீரில் செறிவு பிழைத்தால் சுவை கெடும், வேறு தீங்கில்லை. கிருமிநாசினியில் செறிவு பிழைத்தால் விளைவு வேறு. குறைந்தால் கிருமி சாகாது. ஆனால், சுத்தம் செய்துவிட்டோம் என்ற பொய்யான நிம்மதி மட்டும் உண்டாகும். மிகுந்தால் தோல் எரியும்; கண் கலங்கும்; மூச்சுத் திணறும். ஆகவே, வீட்டிலும் பள்ளியிலும் உணவுக்கடையிலும் கிருமிநாசினியைக் கையாளும் ஒவ்வொருவரும் செறிவின் அடிப்படையை அறிந்திருப்பது அவசியமாகும்.

கரைசலும் செறிவும்

ஒரு கரைசலில் இரண்டு பகுதிகள் உண்டு. கரையும் பொருள் கரைபொருள் எனப்படும். அதனைக் கரைக்கும் பொருள் கரைப்பான் எனப்படும். சீனி நீரில் சீனி கரைபொருள், நீர் கரைப்பான். கரைபொருள் திடப்பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கைத்தூய்மியில் உள்ள எத்தனால் ஒரு திரவம். அதுவும் நீருடன் கலந்து கரைசலாகிறது.

செறிவைப் பல அலகுகளில் குறிப்பிடலாம். அன்றாட வாழ்வில் அதிகம் காணப்படுவது விழுக்காடு. 100 மில்லிலிட்டர் கரைசலில் 5 கிராம் கரைபொருள் இருந்தால், அது 5 விழுக்காட்டுக் கரைசல் ஆகும். கரைபொருள் திரவமாக இருந்தால் கிராமுக்குப் பதிலாக மில்லிலிட்டரைக் கணக்கிடுவர். 100 மில்லிலிட்டர் கைத்தூய்மியில் 70 மில்லிலிட்டர் எத்தனால் இருந்தால், அதன் செறிவு 70 விழுக்காடு.

மிகக் குறைந்த செறிவைக் குறிப்பிட விழுக்காடு ஏற்றதன்று. அப்போது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மில்லிகிராம் கரைபொருள் உள்ளது என்று கூறுவர். நீர்க்கரைசல்களைப் பொறுத்தவரை, ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு நிகராகும். இரண்டு அலகுகளுக்கும் இடையிலான தொடர்பு எளிது: 1 விழுக்காடு என்பது லிட்டருக்கு 10,000 மில்லிகிராம், 0.1 விழுக்காடு என்பது 1,000 மில்லிகிராம்.

இடைநிலைப்பள்ளி வேதியியலில் மோல் என்னும் அலகும் பயன்படுகிறது. வெளுப்பானில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டின் மோலார் நிறை 74.5 கிராம். 5 விழுக்காட்டு வெளுப்பானில் லிட்டருக்கு 50 கிராம் உள்ளது. 50ஐ 74.5ஆல் வகுத்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 0.67 மோல் என்ற விடை கிடைக்கும். அலகு மாறினாலும் அது சுட்டுவது ஒரே கரைசலைத்தான்.

ஒரே பொருள், பல பணிகள்

கடைகளில் ‘குளோரோக்ஸ்’ என்று பலரும் பொதுப்பெயராகவே கேட்டு வாங்கும் வெளுப்பானில் சோடியம் ஹைப்போகுளோரைட்டு உள்ளது. குளோரின் வகையைச் சேர்ந்த இப்பொருள், செறிவுக்கேற்ப வெவ்வேறு பணிகளைச் செய்கிறது.

குழாய்நீரைப் பாதுகாக்க லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான குளோரின்கூடப் போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, குடிநீரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கழுவிய தட்டு, குவளை போன்றவற்றின் மேலுள்ள கிருமிகளை அகற்ற உணவுக்கடைகளில் 50 முதல் 200 மில்லிகிராம் வரையிலான கரைசலைப் பயன்படுத்துவர். நோயாளி தொட்ட மேசை, கதவுப்பிடி, தரை ஆகியவற்றுக்கு 1,000 மில்லிகிராம், அதாவது 0.1 விழுக்காடு தேவைப்படும். இரத்தம் சிந்திய இடத்திற்கு 5,000 மில்லிகிராம், அதாவது 0.5 விழுக்காடு வேண்டும். புட்டியில் இருக்கும் 5 விழுக்காட்டு வெளுப்பானிலோ 50,000 மில்லிகிராம் உள்ளது.

குடிக்கும் நீரில் இருப்பதும் கையைப் புண்ணாக்கும் புட்டியில் இருப்பதும் ஒரே வகைப் பொருள்தான். அவற்றைப் பிரிப்பது ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு செறிவு வேறுபாடு. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று முன்னோர் கூறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வரலாறு தரும் பாடம்

குளோரின் கரைசலின் பயனை உலகம் உணர்வதற்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் ஹங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். இவர் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றினார். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்கள் அதே கைகளுடன் வந்து தாய்மார்களைப் பரிசோதித்ததே மகப்பேற்றுக் காய்ச்சலுக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். 1847ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்த தாய்மார் இறப்பு, ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்தது. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற கொள்கை நிலைபெறாத காலத்தில் நிகழ்ந்த சாதனை இது.

எனினும், கையைக் கழுவ ஏற்ற கரைசலைத் திறந்த புண்ணில் ஊற்ற இயலுமா? இக்கேள்வி முதல் உலகப் போரின்போது பெரிதாக எழுந்தது. குண்டடிபட்ட வீரர்களின் காயங்கள் சேற்றாலும் அழுக்காலும் சீழ்பிடித்தன. அக்காலத்தில் கிருமியை எதிர்க்கும் மாத்திரைகள் இல்லை. காயம் ஆறாமல் கைகால்களை இழந்தோரும் உயிரிழந்தோரும் ஏராளம். கடுமையான கிருமிநாசினி புண்ணில் பட்டால் கிருமியோடு உயிருள்ள திசுவும் அழிந்தது. நீர்த்துப்போன கிருமிநாசினியால் பயனே இல்லை.

ஹென்றி டேக்கின் என்னும் ஆங்கிலேய வேதியியலாளரும் அலெக்சிஸ் காரெல் என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவரும் பிரான்சின் கொம்பியேன் நகர மருத்துவமனையில் இச்சிக்கலை ஆராய்ந்தனர். டேக்கின் பல வேதிப்பொருள்களைச் சோதித்தபின் சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தேர்ந்தெடுத்தார். அதன் செறிவு 0.45 விழுக்காட்டுக்கும் 0.5 விழுக்காட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. அதற்குக் கீழே சென்றால் ஆற்றல் போதாது. மேலே சென்றால் புண் எரிந்து புண்படும். அந்த மிகக் குறுகிய இடைவெளிக்குள் நின்ற கரைசல் எண்ணற்ற வீரர்களின் உறுப்புகளையும் உயிரையும் காத்தது. ‘டேக்கின் கரைசல்’ என்ற பெயரில் அது இன்றும் மருத்துவத்தில் நிலைத்திருக்கிறது. டேக்கின் புதிய பொருள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. துணி வெளுக்கப் பயன்பட்ட பழைய பொருளுக்கு உரிய அளவைக் கண்டறிந்தார். அதுவே அவருடைய பெருமை.

ஒரு மூடி போதுமா?

மலேசியாவில் பாலர் பள்ளிகளும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களும் அஞ்சும் நோய்களுள் ஒன்று கை, கால், வாய் நோய். 1997ஆம் ஆண்டில் சரவாக் மாநிலத்தில் இந்நோய் பரவியபோது குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். அதன்பின் நாடு முழுவதும் இந்நோய் குறித்த விழிப்புணர்வு மிகுந்தது. நோய் கண்ட நிலையங்களைத் தற்காலிகமாக மூடச் செய்து சுத்தப்படுத்தும் நடைமுறை இன்றும் உண்டு.

பிரிஞ்சாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக்கு அருகில் உள்ள பாலர் பள்ளியைச் சுத்தம் செய்வதாகக் கொள்ளலாம். ஐந்து லிட்டர் வாளியில் நீர் நிரப்பி, வெளுப்பானை ஒரு மூடி ஊற்றிக் கலக்குகின்றனர். வாளியிலிருந்து குளோரின் வாடை வீசுகிறது. வாடை வந்ததால் கரைசல் சரியாகிவிட்டது என்று எண்ணித் தரை, மேசை, விளையாட்டுப் பொருள்கள் அனைத்தையும் துடைக்கின்றனர். இது பல இடங்களில் காணக்கூடிய வழக்கம்தான். ஆனால், கணக்கு வேறொன்றைக் கூறுகிறது.

செறிந்த கரைசலில் நீரைச் சேர்ப்பதை நீர்த்தல் என்பர். நீர்க்கும்போது கரைபொருளின் மொத்த அளவு மாறுவதில்லை. அது அதிக இடத்தில் பரவுகிறது. எனவே, நீர்த்தலுக்கு ஒரே ஒரு விதி போதும்:

தொடக்கச் செறிவு × தொடக்கக் கொள்ளளவு = இறுதிச் செறிவு × இறுதிக் கொள்ளளவு

வெளுப்பானின் செறிவு 5 விழுக்காடு. மூடியின் கொள்ளளவு 10 மில்லிலிட்டர் எனவும் வாளியில் உள்ள கரைசல் 5,000 மில்லிலிட்டர் எனவும் கொண்டால், 5ஐ 10ஆல் பெருக்கி 5,000ஆல் வகுக்க வேண்டும். விடை 0.01 விழுக்காடு. அதாவது, லிட்டருக்கு 100 மில்லிகிராம். நன்றாகக் கழுவிய குவளைகளை அமிழ்த்தி எடுக்க இது ஏற்ற செறிவு. நோயுற்ற குழந்தை தொட்ட மேசைக்கோ தேவைப்படுவது 1,000 மில்லிகிராம். ஒரு மூடிக் கரைசல் அதில் பத்தில் ஒரு பங்கு ஆற்றலையே கொண்டிருக்கிறது. வாடை இருந்தது, வலிமை இல்லை.

சரியான அளவையும் அதே விதியே காட்டும். இறுதிச் செறிவு 0.1 விழுக்காடு, இறுதிக் கொள்ளளவு 5,000 மில்லிலிட்டர். 0.1ஐ 5,000ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 100 மில்லிலிட்டர் கிடைக்கும். ஆகவே, 100 மில்லிலிட்டர் வெளுப்பானை 4,900 மில்லிலிட்டர் நீரில் கலக்க வேண்டும். சுருங்கக் கூறின், ஒரு பங்கு வெளுப்பானுக்கு 49 பங்கு நீர். வெளுப்பான் 2.5 விழுக்காடு உடையதாயின், தேவைப்படும் அளவு இருமடங்காகி 200 மில்லிலிட்டர் ஆகும். எனவேதான், கலப்பதற்கு முன் புட்டியின் மேல் ஒட்டியுள்ள விவரத்தைப் படிக்க வேண்டும். மூடியின் அளவும் புட்டிக்குப் புட்டி மாறும் என்பதால், அளவுக்கோடு போட்ட குவளையைப் பயன்படுத்துவதே சிறந்தது.

இந்நோயைப் பொறுத்தவரை கைத்தூய்மியை மட்டும் நம்புவதும் பிழையாகும். சில நச்சுயிரிகளைச் சுற்றிக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு. ஆல்கஹால் அவ்வுறையை எளிதில் சிதைத்துவிடும். கை, கால், வாய் நோயை உண்டாக்கும் நச்சுயிரிகளுக்கு அவ்வுறை இல்லை. ஆதலால், அவை ஆல்கஹாலை ஓரளவு தாங்கி நிற்கின்றன. அவற்றைப் பொருள்களின் மேலிருந்து ஒழிக்கச் சரியான செறிவுள்ள வெளுப்பான் கரைசலும், கைகளிலிருந்து அகற்றச் சவர்க்காரமும் ஓடும் நீருமே உகந்தவை.

எழுபதா, தொண்ணூற்றைந்தா?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் கைத்தூய்மி அரிசி, பருப்பைப் போல அன்றாடத் தேவையாகிவிட்டது. அப்போது பலர் மனத்திலும் எழுந்த ஓர் ஐயம் உண்டு: 70 விழுக்காட்டு ஆல்கஹால் கிருமியைக் கொல்லும் என்றால், 95 விழுக்காட்டு ஆல்கஹால் இன்னும் நன்றாகக் கொல்ல வேண்டாமா?

உண்மை இதற்கு நேர்மாறானது. ஆல்கஹால் கிருமியின் புரதங்களை உருக்குலைத்துக் கொல்கிறது. அச்செயலுக்கு நீரும் துணை நிற்க வேண்டும். நீர் மிகக் குறைந்த ஆல்கஹால், கிருமியின் வெளிப்புறப் புரதத்தை உடனே உறையச் செய்கிறது. உள்ளே ஊடுருவுவது தடைப்படுகிறது. அத்துடன், அது விரைவில் ஆவியாகிவிடுவதால் கிருமியுடன் தொடர்பு கொள்ளும் நேரமும் குறைகிறது. நீர் மிகுந்து ஆல்கஹால் 60 விழுக்காட்டுக்குக் கீழே சென்றாலோ ஆற்றல் போதாமல் போகிறது. செறிவு கூடக்கூட ஆற்றலும் கூடும் என்ற எண்ணம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதை இது உணர்த்துகிறது.

கைத்தூய்மி கிடைப்பது அரிதாகும் சூழலுக்கென உலகச் சுகாதார நிறுவனம் ஒரு செய்முறையை வகுத்துள்ளது. பத்து லிட்டர் தயாரிக்க, 96 விழுக்காட்டு எத்தனால் 8,333 மில்லிலிட்டர், 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லிலிட்டர், 98 விழுக்காட்டுக் கிளிசரால் 145 மில்லிலிட்டர் ஆகியவற்றை அளந்து சேர்த்து, கொதிக்கவைத்து ஆறிய நீரையோ வடித்த நீரையோ ஊற்றிப் பத்து லிட்டர் ஆக்குவர். இவ்வெண்கள் வியப்பூட்டலாம், கணக்கிட்டால் காரணம் விளங்கும். 8,333இல் 96 விழுக்காடு ஏறத்தாழ 8,000. அது பத்து லிட்டரில் 80 விழுக்காடு ஆகும். கிளிசரால் தோல் வறண்டு வெடிப்பதைத் தடுக்கிறது. பெராக்சைடு, நீரிலோ புட்டியிலோ தங்கியிருக்கக்கூடிய பாக்டீரியாவின் உறங்குநிலை வித்துகளை அழிப்பதற்காகச் சேர்க்கப்படுகிறது. அதற்கு அவகாசம் தரவே, நிரப்பிய புட்டிகளை 72 மணி நேரம் வைத்திருந்த பின்னர் பயன்படுத்துமாறு அந்நிறுவனம் கூறுகிறது.

‘நீர் ஊற்றிப் பத்து லிட்டர் ஆக்குவர்’ என்ற சொற்றொடரும் கவனிக்கத்தக்கது. 500 மில்லிலிட்டர் எத்தனாலையும் 500 மில்லிலிட்டர் நீரையும் கலந்தால் 1,000 மில்லிலிட்டர் கிடைக்காது. அதற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இரண்டின் மூலக்கூறுகளும் நெருங்கி அமர்வதே அதற்குக் காரணம். ஆகவே, ஆய்வகத்தில் நீரைத் தனியே அளந்து சேர்க்காமல், குறிப்பிட்ட கொள்ளளவுக் கோட்டை எட்டும்வரை ஊற்றுவர்.

செறிவு சரியாக இருந்தும் பொருள் தவறாக இருந்தால் ஆபத்து வேறு வடிவில் வரும். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மெத்தனால் கலந்த சில கைத்தூய்மிகள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. மெத்தனாலும் ஆல்கஹால் வகையைச் சேர்ந்ததே. பார்வைக்கும் எத்தனாலைப் போன்றே தெளிவாக இருக்கும். ஆனால், அது உடலுக்குள் சென்றால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. எனவே, ‘ஆல்கஹால் 70 விழுக்காடு’ என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த ஆல்கஹால் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

நேரம், அழுக்கு, வெப்பம்

செறிவு சரியாக அமைந்த கரைசலும் சில நிபந்தனைகளின்கீழ்தான் முழுமையாகச் செயல்படும்.

முதலாவது, தூய்மை. மண், சளி, உணவுத்துகள் ஆகியவை குளோரினோடு வினைபுரிந்து அதனைத் தீர்த்துவிடும். அழுக்குப் படிந்த மேசையில் கிருமிநாசினியை ஊற்றினால், அழுக்கோடு போராடியே அது வலிமை இழக்கும். எனவே, முதலில் சவர்க்கார நீரால் கழுவி அழுக்கை நீக்க வேண்டும். அதன் பின்னரே கிருமிநாசினியைப் பயன்படுத்த வேண்டும். தூய்மைப்படுத்துதலும் கிருமி நீக்குதலும் இரு வேறு பணிகள். முன்னது இல்லாமல் பின்னது நிறைவேறாது.

இரண்டாவது, நேரம். கரைசல் பட்ட கணத்திலேயே கிருமிகள் மடிவதில்லை. துடைத்த இடம் குறிப்பிட்ட நேரம் ஈரமாக இருக்க வேண்டும். அந்நேரம் எவ்வளவு என்பது புட்டியின் மேல் குறிக்கப்பட்டிருக்கும். தெளித்த உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால், மருந்தை வாயில் இட்டு உடனே துப்பியதற்கு ஒப்பாகும். கைத்தூய்மியையும் 20 முதல் 30 நொடிகள்வரை, கை உலரும்வரை தேய்க்க வேண்டும்.

மூன்றாவது, வெப்பநிலை. பொதுவாகக் குளிர்ந்த நீரில் வேதிவினைகள் மெதுவாக நிகழும். குளோரினும் அதற்கு விதிவிலக்கன்று. பிரிஞ்சாங் போன்ற குளிர்மிகு ஊர்களில், குறிப்பிட்ட நேரத்தைக் குறைக்காமல் பின்பற்றுவது அதனால் இன்னும் முக்கியமாகிறது. விரைவுபடுத்தும் எண்ணத்தில் வெந்நீரைச் சேர்க்கவும் கூடாது. வெப்பம் ஹைப்போகுளோரைட்டைச் சிதைத்துவிடும். வெயிலில் வைத்த வெளுப்பானும், திறந்து பல மாதங்கள் ஆன வெளுப்பானும் புட்டியில் எழுதிய செறிவை இழந்திருக்கும். நீரில் கலந்த கரைசலையும் அன்றன்றைக்குத் தயாரித்துப் பயன்படுத்துவதே முறை. உணவுக்கடைகளில் இதனை உறுதிசெய்யச் சோதனைத் தாள்கள் உண்டு. கரைசலில் நனைத்த தாளின் நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களுடன் ஒப்பிட்டால், அப்போதைய செறிவு தெரிந்துவிடும்.

கலக்கக் கூடாதவை

வெளுப்பானுடன் நீரைத் தவிர வேறு எதையும் கலக்கக் கூடாது. கழிப்பறை சுத்தம் செய்யும் திரவங்கள் சிலவற்றில் அமிலம் உள்ளது, புளிக்காடியும் அமிலமே. இவை வெளுப்பானுடன் சேர்ந்தால் குளோரின் வளி வெளிப்படும். முதல் உலகப் போரில் டேக்கினின் கரைசல் உயிர்களைக் காத்தது; அதே போரில், 1915ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகில், குளோரின் வளி ஆயுதமாகப் பயன்பட்டு உயிர்களைக் கொன்றது. கதவு அடைத்த சிறு குளியலறையில் இரு திரவங்களைக் கலப்பவர், தம்மை அறியாமல் அதே வளியை உருவாக்குகிறார். அம்மோனியா கலந்த சுத்தப்படுத்திகளும் வெளுப்பானுடன் சேர்ந்து நச்சு வளியைத் தரும். இரண்டு மருந்துகளைக் கலந்தால் இருமடங்கு பயன் கிட்டும் என்ற எண்ணம் இங்கு உயிருக்கே உலை வைக்கும்.

கிருமிநாசினியை மனிதர்மீது தெளிப்பதும் தவறு. 2020ஆம் ஆண்டில் பல நாடுகளில் மக்களை நடக்கவிட்டு மருந்து தெளிக்கும் கூடங்கள் அமைக்கப்பட்டன. அவற்றால் கண்ணும் தோலும் நுரையீரலும் பாதிக்கப்படலாம் என்றும், உடலுக்குள் உள்ள நச்சுயிரியை அவை அகற்றா என்றும் உலகச் சுகாதார நிறுவனம் எடுத்துரைத்து, எச்சூழலிலும் அவற்றைப் பரிந்துரைக்கவில்லை.

செறிந்த வேதிப்பொருள்களைக் கையாள்வது தோட்ட மக்களுக்குப் புதிதன்று. தேயிலைத் தோட்டமானாலும் காய்கறித் தோட்டமானாலும், மருந்து அடிக்கும் பணியாளர் செறிந்த மருந்தை நீரில் கலந்தே தெளிகருவியில் நிரப்புகிறார். பத்து லிட்டருக்கு 50 மில்லிலிட்டர் என்று புட்டியில் எழுதியிருந்தால், 16 லிட்டர் கருவிக்கு 80 மில்லிலிட்டர் வேண்டும். அதுவும் வாளிக் கணக்கின் விகிதமேதான். கண்ணளவுக்கு ஊற்றினால் ஒரு நாள் பயிர் கருகும். மறுநாள் களை பிழைக்கும். ஊற்றுபவரின் உடலோ ஒவ்வொரு நாளும் பாதிப்படையும்.

மருந்தின் நச்சுத்தன்மை மிக அதிகமாக இருந்தால் அளவறிந்த கலப்பும் போதாது. தோட்டங்களில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த ‘பாராகுவாட்’ என்னும் களைக்கொல்லி அத்தகையது. செறிந்த நிலையில் அதில் ஒரு வாய் அளவை விழுங்கினாலே உயிர் போகக்கூடும். மலேசியா 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அதனைத் தடை செய்தது.

இத்தகைய விபத்துகளுக்கு வழிவிடும் ஒரு பழக்கம் வீடுகளில் இன்றும் உள்ளது. பெரிய கலனில் வாங்கிய திரவத்தைச் சிறிது சிறிதாகக் குளிர்பானப் புட்டிகளிலும் தண்ணீர்ப் புட்டிகளிலும் ஊற்றி வைப்பதே அது. ஊற்றியவருக்கு உள்ளே இருப்பது தெரியும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குத் தெரியாது. பெயரும் செறிவும் எழுதப்படாத புட்டி, வீட்டில் பதுங்கியிருக்கும் பாம்புக்கு நிகர். எந்தத் திரவமும் அதன் சொந்தக் கலனிலேயே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். வேறு கலனுக்கு மாற்றித்தான் ஆக வேண்டுமெனில், பொருளின் பெயர், செறிவு, கலந்த நாள் ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும்.

அளவே பாதுகாப்பு

பள்ளியிலோ வீட்டிலோ துப்புரவுப் பணி நடைபெறும்போது பின்பற்ற வேண்டிய ஒழுங்கு கடினமானதன்று. எதைச் சுத்தம் செய்வது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கேற்ற செறிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். புட்டியிலுள்ள செறிவைப் படித்துக் கணக்கிட வேண்டும். கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, முதலில் நீரை நிரப்பி, அதன்பின் வெளுப்பானை அளந்து ஊற்ற வேண்டும். இவ்வரிசையில் ஊற்றினால் செறிந்த வெளுப்பான் முகத்தில் தெறிக்கும் வாய்ப்புக் குறையும். அழுக்கைக் கழுவிய பின்னர்க் கரைசலைப் பூசி, உரிய நேரம் காத்திருக்க வேண்டும். எஞ்சிய கரைசலை மறுநாளுக்கு எடுத்து வைக்கக் கூடாது.

இவை அனைத்துக்கும் தேவைப்படுபவை ஓர் அளவுக்குவலையும் ஒரு பெருக்கல் கணக்கும் சற்றுப் பொறுமையும் மட்டுமே. வியன்னாவில் தாய்மார்களைக் காத்ததும், கொம்பியேனில் காயமுற்ற வீரர்களைக் காத்ததும் அரிய பொருள்கள் அல்ல. எளிய பொருள்கள் உரிய அளவில் பயன்பட்டதே அவற்றின் சிறப்பு. பிரிஞ்சாங் மலைச்சரிவில் உள்ள ஒரு பாலர் பள்ளியின் வாளிக்கும் அதே விதிதான். அந்த வாளியில் விழுவது பத்து மில்லிலிட்டரா நூறு மில்லிலிட்டரா என்பதைப் பொறுத்தே, அங்கு நாளை விளையாட வரும் குழந்தைகளின் நலம் அமையும்.